ஒயரைக் கழற்றிய பிறகும் வந்த பதில்

மோடத்தில் எரியவேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை; ஆனால் திரையில் பதில் வந்துகொண்டிருந்தது. டெர்லிஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பராகுவேயின் அந்தச் சின்ன ஊர் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் நேரம், நாய்கூடக் குரைக்காது. சன்னல் பலகைகளை இறுக்கிச் சாத்திய அறைக்குள் கூரை ஓட்டின் சூடும், முற்றத்தில் விழுந்து புளித்த மாம்பழங்களின் வாடையும், பழைய கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சலும் அடைந்துகிடந்தன. பின்னறையில், வலையூஞ்சலில், மகள் லூர்தெஸ் புதுச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். இன்று அவளுக்கு நான்காவது பிறந்தநாள். ஸ்பெயினில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருக்கும் அவள் அம்மா நிமியாவுக்கு வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு. போன ஞாயிறு இணைப்புக் கிடைக்காமல் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் அழுதாள். இன்றும் அவளை அழவிடக் கூடாது.

கைபேசியில் நிமியாவின் தம்பி பிளாஸ் இருந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த புண்ணியவான்.

"கறுப்புத் திரையில பிங் அடிச்சீங்களா மச்சான்?"

"அடிச்சேன்டா. பதில் வருது. ஆனா விளக்கு எரியல. வீட்டு போனும் செத்துக் கிடக்கு."

"அப்ப எப்படிப் பதில் வரும்? பிங்னா, வேலிக்கு வெளிய நின்னு கைதட்டிக் கூப்பிடுற மாதிரி. உள்ள ஆள் இருந்தாத்தான் குரல் குடுப்பாங்க. லைனே இல்லாம யாரு குடுப்பா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

"போட்டுட்டுத்தான்டா பாக்குறேன். வரிக்கு வரி ஒரு நம்பர் வருது. தொண்ணூறுல இருந்துச்சு, இப்ப எழுபது."

பிளாஸ் சிரித்தான். "குறைஞ்சா பதில் சொல்றவன் கிட்டத்துல இருக்கான்னு அர்த்தம். டெலிபோன் ஒயரைக் கழட்டி மாட்டுங்க, சரியாயிடும்."

டெர்லிஸ் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். பதில் நிற்கவில்லை. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருந்ததையும் உருவினான். இரண்டு ஒயர்களும் மடியில் கிடக்க, வரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. நாற்பது. முப்பது.

"பிளாஸ்... எல்லாத்தையும் கழட்டிட்டேன். இன்னும் வருது."

"விளையாடாதீங்க மச்சான்."

"நம்ம பாப்பா மேல சத்தியமா."

பிளாஸின் குரல் தாழ்ந்தது. "இந்த நேரத்துல யாரைக் கூப்பிட்டுத் தொலைச்சீங்க? நிறுத்துங்க மச்சான். உடனே நிறுத்துங்க."

மதியத்தில் எல்லோரும் தூங்கும்போது வெளியே குரல் கொடுக்காதே, ஏதோ ஒன்று வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று சின்ன வயதில் டெர்லிஸையும் மிரட்டித்தான் படுக்கவைத்தார்கள். வளர்ந்த பிறகு அதை நினைத்துச் சிரித்திருக்கிறான். இப்போது சிரிப்பு வரவில்லை.

விசையை அழுத்தினான். பிங் நின்றது.

பதில் நிற்கவில்லை.

அவன் கூப்பிடவில்லை. பதில் மட்டும் வந்தது. பன்னிரண்டு. ஐந்து. ஒன்று.

பூஜ்யம்.

மாம்பழ வாடை இப்போது அறைக்குள்ளேயே இருந்தது.

"பிளாஸ்?"

கைபேசியில் சத்தமில்லை. திரையில் ஒரு படக்கட்டம் தானாகத் திறந்தது. நிமியா. கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"என் தங்கமே! எவ்வளவு வளந்துட்டே! டெர்லிஸ், நீ எங்க போனே? பாப்பாவை மடியில வச்சிருக்கறது யாரு? முகமே தெரியல, சன்னலைத் திறந்து விடேன்."

டெர்லிஸ் காமிராவுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தான்.

பின்னறைக்கு ஓடினான். வலையூஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. காலி. சன்னல் சாத்தியபடி. தாழ்ப்பாள் போட்டபடி.

"லூர்தெஸ்!"

திரும்பி ஓடிவந்தான். திரையின் மூலையில், அவன் முகம் தெரியவேண்டிய சின்னக் கட்டத்தில், இருட்டு. இருட்டுக்குள் புதுச் சட்டை. கண்மூடித் தலை சாய்ந்திருந்த லூர்தெஸின் மணிக்கட்டை நீண்ட விரல்கள் பிடித்துக்கொண்டு, மெல்ல, இப்படியும் அப்படியும் அசைத்தன.

நிமியா சிரித்தபடியே பதிலுக்குக் கையசைத்தாள்.