அவன் அளவுக்கு அச்சடித்த எலும்பு

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாமி மேடையைத் துடைக்கும்போது பிஸ்கட் டின்னின் மூடி தூக்கிக்கொண்டு நிற்பதை நவமணி பார்த்தாள். போன வாரம் அவள் கையாலேயே அழுத்தி மூடிய மூடி. எலி தள்ளியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். உள்ளே இருந்தது மூடியை முட்டிக்கொண்டு நின்றது.

உள்ளே இருந்தது அவள் மகன் பவித்ரனின் முதுகில் வைத்த உலோகத் துண்டு. கமுந்திங் தொழிற்சாலையில் நல்லபடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, இரண்டு வருஷத்துக்கு முன் முதுகெலும்பில் கட்டி. டாக்டர்கள் கட்டியோடு இரண்டு கணுவை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்கேன் பார்த்து அவன் அளவுக்கென்றே டைட்டானியத்தில் அச்சடித்த துண்டைப் பொருத்தினார்கள். கட்டைவிரல் நீளம். மேலெல்லாம் ஆப்பத்தில் இருப்பதுபோலப் பொடிப்பொடி ஓட்டைகள். அந்த ஓட்டைகளுக்குள் அவனுடைய எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். ஆறே மாதத்தில் பிடித்தும்விட்டது. பிள்ளை எழுந்து நடந்தான். நவமணி அந்த எக்ஸ்ரே படத்தைத் தாமான் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகக் காட்டிப் பூரித்துப் போனாள். பாழாய்ப்போன கட்டி நுரையீரலில் போய் உட்காரும் என்று அவள் கண்டாளா? இருபத்துநாலு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

தகனத்துக்கு மறுநாள் எலும்பு பொறுக்கப் போன அவள் கணவர் கார்த்திகேசு, பானையில் எலும்பும் சாம்பலுமாக, சட்டைப் பையில் பேப்பரில் சுற்றிய இந்தத் துண்டுமாக வந்து நின்றார். நெருப்பு அதை ஒன்றும் செய்யவில்லையாம். "இரும்பு சாமானைக் கடல்ல விடக்கூடாதுண்ணே, அது ஒடம்புல சேராது" என்று சுடுகாட்டில் வேலை பார்க்கும் சன்னாசி தனியாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். பானை லூமுட் கடலுக்குப் போனது. துண்டை நவமணி யாரிடமும் கொடுக்கவில்லை. "அவனுக்குன்னே செஞ்சதுங்க. வேற யாருக்கும் பொருந்தாது" என்று மடியில் கட்டிக்கொண்டாள். அந்த ஓட்டைகளுக்குள் பிடித்திருந்தது பவித்ரனின் எலும்பு என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளையை முழுசாகக் கரைக்காமலே தலைமுழுகிவிட்டு வந்திருந்தார்கள்.

ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் கட்டிய அந்த வரிசை வீட்டின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்க, பகலிலேயே இருட்டிய கூடத்தில் ஊதுவத்திப் புகையையும் மீறி, அவன் முதுகில் அவள் தினமும் தேய்த்த கோடாலித் தைலத்தின் வாசனை எழும்ப, அவள் டின்னைத் திறந்தாள். ஓட்டைகளெல்லாம் அடைபட்டிருந்தன. இரண்டு முனையிலும் வெள்ளையாக ஒரு கணு புடைத்திருந்தது. ஊக்கால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. ஈரமாக இருந்தது. பயத்தில் டின்னைச் சட்டென்று கீழே வைத்தாள். அந்தப் பயத்துக்கு அடியில், வெட்கங்கெட்டு, ஒரு சந்தோஷமும் இருந்தது.

அப்போதுதான் அவள் இடுப்பில் முதல் தடவையாகச் சுரீர் என்று பிடித்தது.

திங்கட்கிழமைக்குள் ஐந்து கணு. டின் போதாமல், அவன் கட்டிலில் கிடத்திப் போர்வையால் மூடினாள். சமையல் செய்யும்போதும் துணி மடிக்கும்போதும் அறைக்குள்ளிருந்து நகம் வெட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் முதுகுக்குள் எதையோ பிடித்து இழுக்கும். எட்டிக்கொண்டிருந்த மசாலா டப்பா எட்டாமல் போனது. "என்னா மணி, இப்படிக் கூனிப் போய்ட்டே? கிளினிக் போலாம்லா" என்றார் கார்த்திகேசு.

"ஒண்ணுமில்லீங்க. மழைக்குப் பிடிச்சிருக்கு."

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டார். கத்தவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். மகன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை.

"ஞாயித்துக்கெழம லூமுட்டுக்குக் கொண்டு போய்டலாம்மா. ஒன்னைத் தின்னுது அது."

"அதுன்னு சொல்லாதீங்க."

"புள்ளையும் போய்ட்டான். நீயும் போய்ட்டா நான் என்னா பண்ணுவேன், சொல்லு?"

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவள் சரியென்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. கார்த்திகேசு காரின் பின்சீட்டில் வெள்ளைத் துணி விரித்து வைத்துவிட்டு வந்தார். "நானே தூக்கிட்டு வாரேங்க" என்றாள் நவமணி. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

தைல வாசனை மூச்சை அடைத்தது. போர்வையை விலக்கினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை நீண்டு கிடந்தது. வெள்ளை வெளேரென்று. நடுவில் மட்டும் சாம்பல் நிறத் துண்டு. பக்கவாட்டில் விலா எலும்புகள் முளைவிட்டிருந்தன.

குனிந்தாள்.

நிமிர முடியவில்லை.

கட்டிலில் சரிந்தாள். கால்கள் அங்கேதான் இருந்தன. அவள் பேச்சைக் கேட்கவில்லை. வலி இல்லை. டிக். இடுப்பு இல்லாததுபோல் ஆனது. டிக்.

ஒரு சத்தம் போட்டால் போதும், அந்த மனுஷன் ஓடி வந்து இழுத்துப் போட்டுவிடுவார். நவமணி வாயைத் திறந்தாள். பத்து மாதம் தன் எலும்பைக் கரைத்துத்தானே இவனுக்கு ஒரு முறை கொடுத்தோம் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே ஹார்ன் அடித்தது.

"மணி! எடுத்துட்டியா?"

டிக். டிக். டிக்.

அது மெல்ல ஒருக்களித்தது. வளைந்தது. தன் முதுகை அவள் வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. நவமணி இன்னும் அசைந்த ஒரே கையால் போர்வையை இழுத்து, பிள்ளைக்குக் குளிராதபடி போர்த்திவிட்டாள்.