மூன்றாம் மாடிப் பாஸ்போர்ட்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு கலா பீரோவைத் திறந்தாள். ஆறு நாற்பத்தொன்றுக்கு அவள் போட்ட சத்தம் லான்மடாவின் அந்தப் பழைய கட்டடத்தில் கீழ்த்தளம்வரை கேட்டது.

கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சைதா படியேறி மூன்றாம் மாடிக்குப் போனாள். நாற்பத்தாறு வயது. விதவை. ஊரார் நகலெடுக்கக் கொடுக்கும் காகிதங்களைப் படித்தே மனிதர்களை எடைபோடப் பழகியவள். கட்டடத்தில் எது காணாமல் போனாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் மோட்டார் திருட்டையும் சரி, இரண்டாம் மாடி மோதிரத்தையும் சரி, அவள்தான் கண்டுபிடித்தாள்.

இந்த முறை காணாமல் போனது கலாவின் தம்பி பிரேம்நாத்தின் பாஸ்போர்ட்.

பிரேம்நாத்துக்கு முப்பத்தொரு வயது. லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை செய்துவந்தான். பர்மாவில் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயதுவரை ஆண்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கும் சட்டம் வந்ததிலிருந்து அவன் தெருவில் இறங்குவதே அபூர்வம். அப்படி இருக்கும்போதுதான், எங்கிருந்தும் வேலை செய்கிறவர்களை ஒரு வருஷம் வந்து தங்கச்சொல்லி விசா கொடுக்கும் கரீபியன் தீவு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டான். ஆகஸ்டில் விண்ணப்பம் போட்டான். அத்தனை காகிதங்களையும் நகலெடுத்தவள் சைதாதான். செப்டம்பரில் விசா வந்துவிட்டது என்று கலா எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். வியாழக்கிழமை காலை பாங்காக் வழியாகப் பயணம். இன்னும் இரண்டே நாள்.

சைதா பீரோவைப் பார்த்தாள். பூட்டு உடைபடவில்லை. சாவி எப்போதும்போல் பக்கத்து ஆணியில் தொங்கியது. பாஸ்போர்ட்டைச் சுற்றியிருந்த மஞ்சள் துணி நான்காக மடித்து, குங்குமப் பொட்டலத்தோடு அதே தட்டில் இருந்தது. அருகில் கலாவின் சங்கிலி. அதை யாரும் தொடவில்லை.

“கடைசியா எப்பப் பாத்தே?”

“ஞாயித்துக்கெழம சாயங்காலம். சாமிகிட்ட வச்சிட்டு உள்ள வச்சேன்.”

“அதுக்கப்புறம் வெளியாள் யாரு வந்தா?”

கலாவின் முகம் மாறியது. திங்கட்கிழமை காலை ஜாபிர் வந்தானாம். எதிர்ச் சந்தியில் மேசை போட்டு விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பையன். பிரேம்நாத் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் வண்டி வந்ததென்று கலா கீழே ஓடியிருக்கிறாள். திரும்பிவரப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் ஜாபிர் பீரோவுக்கு முன்னால் நாற்காலியில் தனியாக இருந்திருக்கிறான்.

“பாஸ்போர்ட்டுக்கு இப்ப என்ன கிராக்கின்னு ஒங்களுக்குத் தெரியாதா? அவன் தொழிலே அதுதானே” என்றாள் கலா. உடனே போலீஸ் நிலையத்துக்குப் போகவேண்டுமென்று துடித்தாள்.

பிரேம்நாத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். விசாக் கடிதம் எங்கே என்று சைதா கேட்டாள். போனில் இருக்கிறது, போனில் சார்ஜ் இல்லை என்றான்.

சைதா கலாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். ஜாபிருக்கும் வயது இருபத்துநாலு. நிலையத்துக்குள் போனால் திருட்டுக் கேசோடு முடியாது. மதியம்வரை பொறு, நான் விசாரிக்கிறேன் என்றாள். கலா தலையை ஆட்டினாள். பிரேம்நாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டேகாலுக்கு ஜாபிர் சந்தியில் மேசையைப் போட்டான். சைதா சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவனும் நேராகத்தான் பதில் சொன்னான். பீரோவை அவன் தொடவில்லை. பிரேம் அண்ணன் குளித்து வரட்டுமென்று காத்திருந்தான், பேசினான், போய்விட்டான்.

“என்ன பேசினே?”

“டிக்கெட் விஷயம், சாச்சி.”

“டிக்கெட்டுல என்ன?”

ஜாபிர் பேனாவை மூடித் திறந்தான். “அது அவருக்கும் எனக்கும் நடுவுல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவரையே கேளுங்க.”

எதையோ மறைக்கிறான் என்பது தெரிந்தது. அந்த இடத்தில் சைதாவின் மனம் கொஞ்சம் சாய்ந்தது. இவனாக இருக்குமோ என்று நினைத்தாள். பிறகு எத்தனையோ நாள் அந்த ஒரு நினைப்புக்காக அவள் தன்னையே நொந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஜாபிரின் அம்மா ஹமீதுன்னிசா கால்வாய்க்கு அப்பால் தாகேதா பேட்டையில் இருந்தாள். மகனைத் தேடி வீட்டுக்கு வந்து போகும் பாஸ்போர்ட் புரோக்கர்களைப் பற்றி அவளுக்கு ஏதாவது தெரியுமா என்று பார்க்க சைதா பஸ் ஏறினாள். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. மகன் நேர்மையானவன் என்று அந்த அம்மாள் மூன்று முறை சொன்னாள்.

பத்தரைக்கு சைதா திரும்பியபோது சந்தியில் ஜாபிரின் மேசை மட்டும் இருந்தது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: கலா காத்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கே நிலையத்துக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு இரண்டு பேர் வந்து ஜாபிரைக் கூட்டிப் போனார்கள்.

சைதா நிலையத்துக்கு ஓடினாள். விசாரணை நடக்கிறது, சாயங்காலம் வாருங்கள் என்றார்கள். வாசலில் நின்று பார்த்தாள். ஒரு மணிக்குக் கடைக்குத் திரும்பினாள்.

தெரிந்ததையெல்லாம் ஒரு காகிதத்தின் பின்பக்கம் எழுதினாள். சங்கிலியைத் தொடாத திருடன். அவசரமில்லாமல் துணியை மடித்து, குங்குமத்தைத் திருப்பி வைத்த திருடன். பத்து நிமிஷத்தில், எந்த நொடியும் ஆள் வரலாம் என்ற பயத்தில் இருப்பவன் துணியை நான்காக மடிப்பானா? இன்னொன்று: விண்ணப்பத்தின் ஒவ்வொரு தாளையும், வங்கிக் கணக்கையும், கம்பெனிக் கடிதத்தையும் இரண்டிரண்டு நகல் எடுக்கக் கொடுத்தவன் பிரேம்நாத். அந்த விசாக் கடிதத்தை மட்டும் அவன் அச்செடுக்கக் கொண்டுவரவே இல்லை.

எழுதினாளே தவிர, கோர்க்க முடியவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு அவளுடைய போன் அடித்தது.

“சைதாக்கா, லைன் போடுங்க” என்றான் பிரேம்நாத்.

தினமும் நடப்பதுதான். அந்தப் பேட்டையில் பகலில் கரண்ட் இருக்கும் நேரம் கொஞ்சம். சைதா கடை மெஷினுக்காகச் சோலாரும் பேட்டரியும் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு வயர் மூன்றாம் மாடிக்குப் போயிற்று. வேலை தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவன் கூப்பிடுவான், அவள் சுவிட்சைப் போடுவாள். சென்ற குளிர்காலம் முழுக்க, பிற்பகல் அஸர் தொழுகைக்கு அவள் பாய் விரிக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த அழைப்பு வரும். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தொழப் போவாள்.

கை சுவிட்சுக்குப் போயிற்று. போன கை அப்படியே நின்றது.

அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவள் சுவிட்சைப் போடவில்லை. கடையைப் பூட்டாமலே படியேறினாள்.

மேலே கலா சமையலறையில் இருந்தாள். பிரேம்நாத் லேப்டாப்பைத் திறந்து வைத்து, இருட்டான திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சைதா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“லண்டன்ல அக்டோபர் கடைசியில கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளுவாங்க. நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்தே. வெயில் காலத்துல ஒன் வேல நமக்கு ரெண்டர மணிக்கு ஆரம்பிக்கும். குளிர்ல மூணர. போன வருஷமும் அப்படித்தான், அதுக்கு முந்துன வருஷமும் அப்படித்தான். இது நவம்பர் பாதி, பிரேம். நீ இன்னும் ரெண்டு இருவத்தஞ்சுக்குத்தான் கூப்புடுறே.”

அவன் லேப்டாப்பை மூடினான்.

“அங்க மணி மாறினது ஒனக்குத் தெரியல. ஏன்னா அங்க ஒனக்காக யாரும் காத்திருக்கல. வேல எப்பப் போச்சு?”

“அக்டோபர் பத்தாந் தேதி” என்றான் அவன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

பிறகு அவனே சொன்னான். செப்டம்பரில் தீவிலிருந்து வந்த கடிதம் முழு அனுமதி இல்லை. எல்லாம் சரி, கம்பெனியிடமிருந்து புதிதாக ஒரு கடிதம் மட்டும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்து, வந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். கம்பெனி அந்தக் கடிதத்தைத் தருவதற்குள் அவனுடைய பிரிவையே மூடிவிட்டது. மாசக் கடைசியில் தீவுக்காரர்கள் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள். டிக்கெட்டைப் பதிவு மட்டும் செய்து வை, பணம் கட்டாதே, அக்காவிடம் மூச்சு விடாதே என்று ஜாபிரிடம் கேட்டுக்கொண்டான். பதிவு காலாவதியாகப் போகிறது என்று சொல்லத்தான் திங்கட்கிழமை ஜாபிர் வந்தான். வியாழன் நெருங்க நெருங்க வேறு வழி தோன்றவில்லை. அன்று மாலை பாஸ்போர்ட்டை எடுத்து மறைத்தான். பாஸ்போர்ட் போனால் பயணம் தானாக நின்றுவிடும். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தான்.

“என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?” கலா கதவோரம் நின்றிருந்தாள்.

“ரெண்டு வருஷமா கதவு தட்டுற சத்தம் கேட்டாலே நீ எந்திரிச்சு உக்காருவே. விசா வந்துச்சுன்னு சொன்ன அன்னிக்குத்தான் விடிய விடியத் தூங்குனே. அதக் கெடுக்க மனசு வரல.”

“காலையில அவ நிலையத்துக்குக் கெளம்பும்போது?” என்றாள் சைதா.

அவன் லேப்டாப் பையின் உறைக்குள் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துத் தரையில் வைத்தான்.

நான்தானே போய்ச் சொன்னேன், நான்தானே பேரைச் சொன்னேன் என்று கலா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். சைதா எழுந்தாள். பாஸ்போர்ட்டைத் தான் மட்டும் கொண்டுபோனால் நம்ப மாட்டார்கள். எடுத்தவன் வந்து வாயால் சொன்னால்தான் ஜாபிர் வெளியே வருவான். இதைச் சொல்லும்போதே, தான் என்ன கேட்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கலாவுக்கும் தெரிந்தது. அவள் கதவை மறித்து நின்றாள்.

“ஒன்னையும் புடிச்சு வச்சுக்குவாங்க.”

“ஜாபிருக்கு இருவத்திநாலு வயசுக்கா” என்றான் பிரேம்நாத். அவளுடைய கையை மெதுவாக எடுத்துவிட்டு லொஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். வெளிச்சத்தில் தெருவில் நடந்து பல மாதம் ஆகியிருந்தது. கண்ணைச் சுருக்கியபடி சைதாவுக்குப் பின்னால் நடந்தான்.

மூன்று பத்துக்கு நிலையத்தில் இருந்தார்கள். மேசை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பர்மிய மரியாதை வழக்கப்படி ‘டோ சைதா’ என்று விளித்து, உட்காருங்கள் என்றார். பிரேம்நாத் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். திருட்டே நடக்கவில்லையா, நல்லது என்று புகார்த் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“அப்படியானால் ஜாபிர்?” என்று சைதா பர்மிய மொழியில் கேட்டாள்.

“விசாரித்ததில் அந்தப் பையன் பெயர் வேறொரு பட்டியலிலும் இருந்தது. இரண்டு மணி வண்டியில் பட்டாளப் பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அது எங்கள் கையில் இல்லை.”

எந்த முகாம் என்று கேட்டாள். தெரியாது என்றார்.

இரண்டு மணிக்கு அவள் கடையில் உட்கார்ந்து காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பிரித்தார். பிறந்த வருஷம் இருந்த இடத்தில் விரலை வைத்து, உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தார். பிறகு ஒரு நீளமான நோட்டை இழுத்து, முகவரியைச் சொல்லச்சொன்னார். பிரேம்நாத் தெளிவாகச் சொன்னான். பாஸ்போர்ட் இங்கேயே இருக்கட்டும், நீங்களும் கொஞ்சம் இருங்கள் என்று அதிகாரி சுவரோரப் பெஞ்சைக் காட்டினார்.

அவன் போய் உட்கார்ந்தான். சைதாவைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்பதுபோல் தலையசைத்தான். அவனுடைய முகத்தில் பயம் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லாதவன் முகமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

வெளியே வந்தாள். வலப்பக்கம் போனால் வீடு. அங்கே கலா இருப்பாள். இடப்பக்கம் பஸ் நிறுத்தம். தாகேதா பஸ் வந்து நின்றது. முதலில் ஹமீதுன்னிசாவிடம் சொல்லவேண்டும் என்று சைதா ஏறிக்கொண்டாள். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தபோதும், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.