எலி கடித்த மூன்று வால்வுகள்

கிணற்றையே கண்டிராத புது ஃபுட் வால்வுக்குள் பாசி இருந்தது.

1971, மாசி மாதம், காலை ஒன்பது மணி. கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் பூவராகவன் நடத்தி வந்த பம்ப்செட் ரிப்பேர் கடை. கிணற்றில் இறங்கும் குழாயின் நுனியில் மாட்டி, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் மறிக்கும் பித்தளைச் சாமான்தான் ஃபுட் வால்வு. அதை வாங்கப் பக்கத்து ஆரணியிலிருந்து வந்திருந்தார் போலீஸ் ஏட்டு தணிகாசலம். தண்ணீர் ஏறாமல் அவர் வயலில் பயிர் வாடிக்கொண்டிருந்தது. ஆகவே சட்டையில் இருந்த விறைப்பு குரலிலும் இருந்தது.

முதலாளி நீட்டிய வால்வின் சல்லடைக்குள் ஏட்டு விரலை விட்டார். பச்சையாக வந்தது.

"இன்னா பூவராகவா, கம்பெனிலியே பாசி தடவி அனுப்புறானா?"

அதையும் சேர்த்து, ஸ்டோர் அறை அலமாரியில் இருந்த எட்டு வால்வுகளையும் கீழே இறக்கினார்கள். ஐந்து அசல் புதுசு. மூன்று மட்டும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த பழசு. அந்த மூன்றிலும் உள்ளே ஓட்டையை மூடும் வட்டத் தோலை எலி கொறித்திருந்தது.

ஸ்டோருக்கு ஒரே கதவு, ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தச் சாவி, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பொண்ணின் முந்தானையில் முடிந்திருந்தது.

பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்துப் பெண் அவள். பொம்பளைக்கு எதற்கு இரும்புக்கடை வேலை என்று உறவே வாயில் போட்டு மென்றபோதும், பெற்ற நைனா ஒருவர்தான் பஸ் ஏற்றி அனுப்பினார். இன்றைக்குத் திருடி என்ற பெயரோடு திரும்பினால் ஊரில் அவர் தலை நிமிர முடியாது.

"சாவியக் குடு," என்று முதலாளி கையை நீட்டினார். கொடுத்தாள்.

"நான் அப்பவே சொன்னேன் மொதலாளி," என்றான் ஃபிட்டர் குப்புராஜ். தோளில் பையோடு எளாவூர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவன், டப்பாவில் ஊறிய தோல் ஒன்றை எடுத்து விளக்கெண்ணெய் சொட்ட உதறினான். "சாவி யார் கையில இருக்குதோ, அவங்கள கேளுங்க."

ஏட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன்ன நான் கேக்கவே இல்லியே. இத்த எதுக்கு எண்ணெயில ஊற வெச்சிருக்கே?"

"ஊறாத தோலு எங்கையால மாட்டினதே கெடையாது ஏட்டய்யா. கை வந்த பழக்கம்."

"நீ?"

மற்ற ஃபிட்டர் தேசப்பன் தலையைச் சொறிந்தான். "நானு கெணத்துத் தண்ணியில நனைச்சி மாட்டிடுவேன். எண்ணெய்க்கு யாரு அலையிறது?"

அடுத்து ஏட்டு சின்னப்பொண்ணின் பக்கம் திரும்பினார். "சாமான் எப்டி வெளிய போவுது?"

"பழசக் கொண்டாந்து போட்டாத்தான் புதுசு குடுப்பேன். பழசெல்லாம் கொல்லையில குமிச்சி வெச்சிருக்கு. கெணறு தூரமா இருந்தா புதுச மொதல்லியே எடுத்துக்கினு போவாங்க. தேவப்படலன்னா திருப்பிக் குடுப்பாங்க. நானும் எண்ணி வெச்சிப்பேன்."

"அடிக்கடி திருப்பறது யாரு?"

"ரெண்டு பேரும்தான்."

முதலாளி குறுக்கே புகுந்தார். "குப்புராஜு ரொம்பச் சிக்கனம். பழசையே சரி பண்ணிட்டு புதுச மிச்சம் பிடிச்சிக்கினு வருவான். போன பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுத்தேன்."

ஏட்டு ஒரு வால்வை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து முகர்ந்தார். பிறகு பொறுமை தீர்ந்தவராக எழுந்தார்.

"பூட்ட யாரும் தொடல. சாவியையும் யாரும் எடுக்கல. பொருள் உள்ள இருந்து திருடு போவல, பூவராகவா. போலிதான் உள்ள வந்திருக்குது. புதுச வாங்கிக்கினு போனவன், கொல்லையில கெடந்த பழசத் தேய்ச்சி, புதுத் தோலு போட்டு, 'தேவப்படல'ன்னு திருப்பிக் குடுத்திருக்கான். எண்ணிக்கை சரியா இருந்ததால இந்தப் பொண்ணு ஏமாந்துட்டா. நீயும் ஏமாந்துட்டே."

"ரெண்டு பேர்ல எவன்?"

"எலியக் கேளு. எட்டு வால்வு இருக்கசொல்லோ மூணத்தான் கடிச்சிருக்குது. கம்பெனித் தோலு காஞ்சது. அத்த எலி சீண்டாது. இந்த மூணுலியும் விளக்கெண்ணெய் வாசனை. போலி வால்வுக்குப் போட்ட தோலக்கூட ஊற வெக்காம இருக்க முடியல ஒருத்தனால. அவனுக்குத்தான் நீ வேட்டியே எடுத்துக் குடுத்துட்டே. தம்பி குப்புராஜு, அந்தப் பையக் கொட்டு."

குப்புராஜ் வாசலில் நின்ற தன் சைக்கிளைப் பார்த்தான். தேசப்பன் அதற்குள் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தான். பையைக் கொட்டியதும் இரண்டு வால்வுகள் விழுந்தன. ஒன்று காலையில் சின்னப்பொண்ணு கொடுத்த புதுசு. கந்தல் துணியில் சுற்றியிருந்த மற்றது புளியில் குளித்தது. அதன் தோலில் எண்ணெய் மினுமினுத்தது. எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிக்காரர்களிடம் புதுசை விற்றதை அவன் முனகலாக ஒப்புக்கொண்டான்.

பூவராகவன் சங்கடத்தோடு சாவியை மேஜை மேல் தள்ளினார். "எடுத்துக்க சின்னப்பொண்ணு. பேஜாராப் போச்சி."

அவள் எடுக்கவில்லை. பயம் போன இடத்தில் கோபம் வந்திருந்தது. அந்தக் கோபம் அவளுக்கே பிடித்திருந்தது.

"அல்லாரும் பாக்க எங்கையிலருந்து வாங்கினீங்க மொதலாளி. அதே மாதிரி எங்கையில குடுங்க."

கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எழுந்து வந்து கையில் கொடுத்தார்.

அவள் தன் பையைத் திறந்து, நைனாவுக்காக வாங்கி வைத்திருந்த வலைநூலில் ஒரு முழம் அறுத்தாள். ஏட்டுக்குரிய புது வால்வின் கழுத்தில் சுற்றி, சுருக்குப் போட்டு இறுக்கினாள்.

ஏட்டு நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. "இன்னாம்மா இது முடிச்சி? இத்த எப்டி அவுக்கறது?"

"அவுக்க முடியாது ஏட்டய்யா. எங்க நைனா வலையில போடுற முடிச்சி, இங்க என்ன வுட்டா யாருக்கும் போட வராது. மாட்டறப்ப அறுத்துடுங்க. இனிமே எது வெளிய போனாலும் முடிச்சோட போவும். தேவப்படலன்னு திரும்பி வந்தா, அதே முடிச்சோட வரணும்."

தணிகாசலம் சிரித்தார். அன்று காலை முதன்முறையாகச் சிரித்தார்.

பொழுது சாய்வதற்குள் தேசப்பன் ஆரணிக்குப் போய் வால்வை மாட்டி, ஏட்டின் வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தான். அறுத்த நூலை அவன் எறியவில்லை. கொண்டுவந்து சின்னப்பொண்ணின் கையில் கொடுத்தான். அவள் அதை முந்தானையில், சாவியோடு சேர்த்து முடிந்துகொண்டு, பழவேற்காட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.