தும்பைவெள்ளை

வேலை முடிந்து வரும் கணவனை வாசல் கொக்கியில் மாட்டி, காந்தக் கோலால் நன்றாகச் சாத்துவது நிலவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நிலவுத் தூசி மின்னூட்டம் கொண்டது. வெளியுடையில் ஒட்டிக்கொண்டால் சும்மா உதறினால் போகாது. வீட்டுக்குள் வந்துவிட்டால் நுரையீரலை அறுக்கும். அதனால் வளர்பிறை நகரின் குவிமாடங்களில் மாலை ஆனால் தொப்தொப்பென்று அடி விழும் ஓசைதான். அடி வாங்குகிறவர்கள் தலைக்கவசத்துக்குள் பாட்டுக் கேட்டபடி தொங்குவார்கள்.

அடித்து அடித்துச் செண்பகவல்லிக்குக் கை வலி கண்டது. அவள் கோவில்பட்டியிலிருந்து குடியேறிய மின்பொறியாளர். யோசித்து யோசித்து ஒரு தூசியுரி அறையைச் செய்தாள். உள்ளே போய்க் கையை விரித்து நின்றால், சுவர்களில் ஓடும் மின்னலைகள் தூசியைத் தலையிலிருந்து கால்வரை வழித்துத் தள்ளிவிடும். கணவர் நயினார்தான் முதலில் போய் நின்றார். வெளியே வந்தவரை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த உடையின் நிறம் வெள்ளை என்பதை இருவருமே மறந்துபோயிருந்தார்கள்.

இருந்த சேமிப்பையெல்லாம் போட்டுக் கடை எடுத்தாயிற்று. பெயர்தான் அமையவில்லை. அங்கே யாரும் பலகை பார்த்துக் கடைக்கு வருவதில்லை. ஒரு பெயரை மனத்தில் நினைத்த மாத்திரத்தில், காதோரம் பதித்த செவிச்சில்லு அந்தக் கடையோடு இணைத்துவிடும். அந்தப் பெயரை அழைப்புப்பெயர் என்பார்கள். புதுப்பெயர் நாலு பேர் நினைவில் ஏற வருடங்கள் ஆகும். அந்தச் சமயத்தில் ‘தும்பைவெள்ளை’ என்ற அழைப்புப்பெயர் காலாவதியாகி ஏலத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் வெளியுடை வெளுப்பதில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம், எப்போதோ மூடிவிட்டார்கள். செண்பகவல்லி தயங்காமல் எடுத்துவிட்டாள்.

“அந்தப் பேரு யாருதுன்னு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்லா?” என்றார் நயினார்.

“ஆளில்லாமக் கெடந்த பேருதானங்க. இனி அது நம்ம பேரு.”

திறந்த அன்றே கூட்டம் அம்மியது. தூசி என்றதும் பழக்கதோஷத்தில் தும்பைவெள்ளையை நினைத்தவர்கள் அத்தனை பேரும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பழைய தரம் அப்படியே இருக்கிறது என்று சிலர் பாராட்டவும் செய்தார்கள். செண்பகவல்லி மறுக்கவில்லை.

கொஞ்ச நாளிலேயே அந்த இயந்திரம் வந்தது. நெடுநெடுவென்று நிலைப்படியில் குனிந்து நுழைந்து, தன்னைத் தும்பைவெள்ளை நிறுவனத்தின் உரிமைக்காவலன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. அழைப்புப்பெயரைப் புதுப்பிக்கத் தவறியது உண்மைதான், ஆனால் வணிகக்குறி என்பது தனிப் பதிவு, அது இன்றும் செல்லுபடியாகும் என்று பொறுமையாக விளக்கியது. அவள் வாங்கியது முகவரியை மட்டும்தான். இன்னொருவரின் நற்பெயரை வைத்து வியாபாரம் செய்ததற்குக் கடையை மூட வேண்டும். தூசியுரி அறையையும் இழப்பீடாகக் கொடுத்துவிட வேண்டும்.

செண்பகவல்லி அதற்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலாளியிடம் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

“முதலாளிகள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள் அம்மா. பெயரைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.”

வழக்கு வணிக மன்றத்துக்குப் போனது. நடுவர் ஜெயசீலி முதலில் செண்பகவல்லியைத்தான் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் பழைய கடை என்று நம்பியபோது வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு, இனி அந்தப் பெயரைத் தொடக் கூடாது என்றார். பிறகு இயந்திரத்தின் பக்கம் திரும்பி, இந்தக் குறியின் பேரில் கடைசியாக ஓர் உடையை வெளுத்தது எப்போது என்று கேட்டார். மன்றத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பு என்று அது உள்ளபடியே சொன்னது. வெகுகாலம் பயன்படாத குறியைப் பதிவிலிருந்து நீக்கச் சட்டத்தில் இடமுண்டு. அடுத்த விசாரணைக்குள் தொழிலைத் தொடங்காவிட்டால் நீக்கிவிடுவேன் என்று எழுந்து போய்விட்டார்.

செண்பகவல்லியும் இயந்திரமும் நடைகூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்களுக்கு வெளுக்கத் தெரியும்,” என்றது இயந்திரம். “எனக்குக் காக்க மட்டும்தான் தெரியும்.”

உரிமையாளரின் அனுமதியோடு வேறொருவர் பயன்படுத்தினாலும் அது உரிமையாளர் பயன்படுத்தியதாகவே கணக்கு என்று அது சட்டத்தை எடுத்துச் சொல்லச் சொல்ல, செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. நடுவரும் ஒப்புக்கொண்டார்.

தும்பைவெள்ளை மறுபடி ஓகோவென்று ஓடியது. உரிமைக்காவலன் கல்லாவில் உட்கார்ந்தது. அதுவரை எதிர்த்தரப்பினரை மட்டுமே சந்தித்திருந்த அதற்கு வாடிக்கையாளர்கள் புதுமையாக இருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, சுரங்கத்தில் வேலை நிரந்தரமாயிற்றா என்று ஒவ்வொருவரையும் விசாரிக்கப் பழகிக்கொண்டது.

மறுவருடம் அடுத்த குவிமாடத்தில் புதிதாக வந்த ஓர் இளம் தம்பதி ‘தும்பைப்பூ’ என்று ஒரு கடை போட்டார்கள். செண்பகவல்லிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. உடனே போய் மூடச் சொல்லும்படி காவலனை அனுப்பினாள். அது நிதானமாகத் திரும்பி வந்தது.

“பார்த்துவிட்டு வந்தேன் அம்மா. அவர்கள் விற்பது இட்லி. யாரும் குழம்ப மாட்டார்கள். நல்ல பிள்ளைகள், இப்போதுதான் தலையெடுக்கிறார்கள். விட்டுவிடுவோமே.”

“தும்பைங்கிற வார்த்தையே நம்முது,” என்றாள் செண்பகவல்லி.

அது பூவின் பெயர் என்றது இயந்திரம்.

செண்பகவல்லி அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழுதுபார்ப்பவரை அழைத்து, காவலனுக்குள் ஏதோ கோளாறு, உடனே வந்து பாருங்கள் என்றாள்.