மூன்று முறை எரிந்த கோயில்

மேல்வானில் அந்தியின் செம்மை இன்னும் அவியாதிருக்க, கீழ்த்திசையில் எழுந்த முழுமதி சிகோகு தீவின் அந்தக் குறுகிய ஆற்றில் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், வாசக நேயர்களே, நம் வீரன் ஜின்பெய் மரப்பாலத்தின்மீது கைத்தடியை 'டொக் டொக்' என்று ஊன்றி நடந்து, தன் வேஷத்தைத் தானே கலைத்துக்கொண்டான்.

எண்பத்தெட்டுக் கோயில்களைச் சுற்றிவரும் யாத்திரிகர்கள் பாலத்தில் தடியை ஊன்றுவதில்லை. பாலத்தின் அடியில், இந்த யாத்திரையைத் தொடங்கிவைத்த மகான் துயில்கிறார் என்பது நம்பிக்கை. வெள்ளை அங்கியும் கோரைத் தொப்பியும் தேடிப்பிடித்து அணிந்த ஒற்றனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்பது கௌரவக் குறைவல்லவா?

மறுகரையில் முக்காடிட்ட இளம் பிக்குணி ஒருத்தி நின்றிருந்தாள்.

"மகானை எழுப்பியாயிற்று. இனி என்னிடமும் சொல்லலாம். எந்தப் பிரபுவின் ஆள் நீர்?"

ஜின்பெய் அசடு வழிந்தான். பிறகு உண்மையையே சொன்னான். "அக்கரையில் முந்நூறு வீரர்கள் காத்திருக்கிறார்கள், அம்மணி. தோற்றோடிய மலைக்கோட்டைத் தலைவரின் மகள் இங்கே ஒளிந்திருந்தால், விடியலில் கோயிலுக்குத் தீ. இல்லையென்று நான் போய்ச் சொன்னால் திரும்பிவிடுவார்கள். இருக்கிறாளா?"

"இந்தக் கோயில் கட்டி எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன."

"நான் கேட்டது அதுவல்லவே."

"முதல் முறை எரிந்தபோது உள்ளே ஓர் அமைச்சர் ஒளிந்திருந்தார்."

"தலபுராணம் கேட்க எனக்கும் ஆசைதான். இன்னொரு நாள் சாவகாசமாக வருகிறேன்."

"இரண்டாம் முறை ஓர் இளவரசர். மூன்றாம் முறை யாரோ ஒரு சமையற்காரர். அவர் செய்த குற்றம் இன்றுவரை யாருக்கும் தெரியாது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, நூறு முற்றுகைகளில் வராத ஒரு கலக்கமும் வந்தது. இந்தக் குரலை நெருப்புக்குக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

"இல்லை என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள், அம்மணி. பொய்யானாலும் நான் கண்டுபிடிக்க மாட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தைத்தான் பார்த்துவிட்டீர்களே."

பிக்குணி நிலவு படிந்த கோயில் கூரையைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இல்லையென்று நான் சொன்னால் நாளை வேறொருவன் வருவான். அவன் உம்மைப்போல் இருக்கமாட்டான். உள்ளே பதினொரு கிழவிகள் உறங்குகிறார்கள். மூன்று முறையும் ஒளிந்தவர் வாய் திறக்கவில்லை, கோயில்தான் எரிந்தது."

அவள் முக்காட்டை விலக்கினாள். மழித்த தலைக்குப் பதிலாக, கருங்கூந்தல் இடைவரை சரிந்தது. நெடுவழிக்கென்று இறுகக் கட்டிய வைக்கோற் செருப்புகள் அவள் காலில் இருந்ததை அப்போதுதான் ஜின்பெய் கவனித்தான்.

"அந்த மகள் நான்தான். வாரும், அக்கரைக்குப் போகலாம்."