பிரேக் மிதித்தவள்

அந்தக் கார் திருக்கோகர்ணத்துக்கு ஓடி வரவில்லை. திருமயத்திலிருந்து ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி, தெருவையே அடைத்துக்கொண்டு வந்து இறங்கியது. சிவப்பு நிறம். மொத்தம் இரண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால் தரையில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் ஸ்போர்ட்ஸ் காராம்.

பரிமளா கேட்டருகே நின்று பார்த்தாள். அவள் புருஷன் அருள்மணி, கீழ ராஜ வீதியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன், காருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தான். தேரை அவனே இழுத்து வந்த நினைப்பு. வண்டிக்கு வயசு இருபதுக்கு மேல் இருக்கும். விடுதியில் படிக்கும் மகன் லீவுக்கு வந்தால் எங்கே உட்காருவான் என்று பரிமளா கேட்டாள். டிக்கியில் என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். தான் சொன்னதற்குத் தானே சிரிக்கிற ஜாதி அவன்.

பக்கக் கண்ணாடிகளில் கறுப்புப் படம் ஒட்டியிருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றாலும் தெரியாது. மந்திரி வண்டி மாதிரி இருக்கிறது என்று அருள்மணிக்கு அதில் ஏகப் பெருமை.

மறுநாள் அவள்தான் உள்ளே துடைத்தாள். அந்த வேலையெல்லாம் ஐயா செய்ய மாட்டார். இடப்பக்கக் கதவைத் திறந்ததும் வாடின மரிக்கொழுந்து வாசனை அடித்தது. கீழே விரித்திருந்த பாயில், வலது கால் வைக்கும் இடத்தில், குதிகால் அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஓட்டுகிறவன் பக்கத்துப் பாய் புதுசு போல இருந்தது. சும்மா உட்கார்ந்து போகிறவர் பக்கத்துப் பாய் எப்படித் தேயும்? அருள்மணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். எலி கடித்திருக்கும் என்றான். எலி இவ்வளவு வட்டமாகக் கடிக்குமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டாள். அவனிடம் கேட்பதற்குச் சுவரிடம் கேட்கலாம்.

வண்டிக்கு இன்ஜின் சுத்தமாக இருந்தது. பிரேக்தான் சரியில்லை. இலுப்பூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பெலிக்ஸ் வந்து பார்த்தார். தூரத்தில் நின்றே பார்த்தார், வண்டியைத் தொடவில்லை. இப்போதைக்குப் பட்டறையில் இடமில்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாத பயலெல்லாம் பட்டறை வைத்தால் இப்படித்தான் என்றான் அருள்மணி. அன்று ராத்திரியிலிருந்து செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். விட்டால் வீடியோ பார்த்தே மனுஷனுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணிவிடுவான்.

பார்சல் பார்சலாகச் சாமான் வந்தது. ஓட்டை போட்ட பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க சிவப்புப் பெயிண்ட் அடித்த கேலிப்பர், இரும்புப் பின்னல் போட்ட குழாய், புட்டி புட்டியாக பிரேக் ஆயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், தகர ஷெட்டுக்குள் வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தி, எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். நல்லாத்தான் மாட்டியிருந்தான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. குழாயில் நிற்கும் காற்றை எடுக்கும் வேலைதான் பாக்கி. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்கு அடியில் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். மிதி என்றால் மிதிக்க வேண்டும், புடிச்சுக்க என்றால் காலை எடுக்கக் கூடாது. விடு என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும்.

பரிமளாவை உட்கார வைத்தான். அவன் பின்சக்கரத்தருகே படுத்துக்கொண்டான்.

"மிதி. மிதி. மிதி. புடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள்.

"விடு. என்னடி மிதிக்கிற? எறும்பு மேல கால வக்கிற மாதிரி. ஒங்க வீட்ல ஒனக்குச் சோறே போடலயா?"

வாரம் ஆறு நாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊரான் கையில் ஊசி குத்திவிட்டு, ஏழாவது நாள் இந்தப் பேச்சும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு சக்கரம் முடிந்தது. அவள் மெல்ல இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றட்டும் என்று இருந்தது அவளுக்கு.

அடுப்படி ஜன்னலுக்கு ஷெட்டுச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

"பரிமளா, மிதி."

இதோ கத்தப்போகிறான் என்று காத்திருந்தாள்.

"மிதி. மிதி. புடிச்சுக்க."

கத்தவில்லை.

பெடல் அமுங்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, அழுத்தமாக.

"விடு. ம், இப்பத்தான் மிதிக்கிற."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று கேட்டாள். அடுத்த சக்கரம் முடிந்தது, அதற்கடுத்ததும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் பரிமளா, பரிமளா என்று அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் பெடல் அமுங்கியது.

அருள்மணி வந்து கைக்குச் சோப்புப் போட்டான். கடைசி மூன்று சக்கரத்துக்கும் பிரமாதமாக மிதித்தாய், இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று சிரித்தபடி கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதுவும் ஆள் மாறி வந்தது.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ஷெட்டுக்குப் போனாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டாக இருந்தது. பிரேக் ஆயில் நாற்றத்தையும் மீறி மரிக்கொழுந்து மணத்தது. வாடினது இல்லை, அப்போதுதான் கிள்ளினது.

தரையெல்லாம் சிவப்பு வெளிச்சம்.

காரின் பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவள் ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட்டின் மெத்தை உட்கார்ந்த மாதிரி குழிந்திருந்தது. கீழே பெடல் அமுங்கியே நின்றது. கடைசியில் அவன் விடு என்று சொல்ல மறந்திருக்கிறான்.

 அவளே சொன்னாள்.

"விடு."

பெடல் மெல்ல மேலே வந்தது. விளக்கு அணைந்தது. மெத்தையின் குழி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது.

நான் மிதிக்கவில்லை, நான் அடுப்படியில் இருந்தேன் என்று அவள் சொன்னபோது அருள்மணி ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், பயந்தாங்கொள்ளி மாதிரி பேசாதே என்றான். அவ்வளவுதான் அவன் மூளை.

மறுநாள் வேலை முடிந்ததும் ஸ்கூட்டியில் இலுப்பூர் ரோட்டுக்குப் போனாள். பெலிக்ஸ் முதலில் மழுப்பினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னார். அந்தக் கார் புளிய மரத்தில் மோதியபோது தூக்கிக்கொண்டு வந்ததே அவர்தான். திருமயத்துக்காரன் ஒருவன் வைத்திருந்தான். பக்கத்தில் எப்போதும் அவன் பெண்டாட்டி சிவரஞ்சனி தலையில் மரிக்கொழுந்தோடு இருப்பாள். அவன் பறக்க விடுவான். அவள் மெதுவாகப் போங்க என்று கெஞ்சிக்கொண்டே, பெடல் இல்லாத இடத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருவாள். அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வரும். அவள் மிதிப்பதைப் பார்ப்பதற்காகவே இன்னும் அழுத்துவானாம்.

"அன்னைக்குப் பிரேக் சூடேறிப் புடிக்கலங்க. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அந்தப் புள்ளைக்கு வலது கால் எலும்பு மூணா ஒடஞ்சிருந்துச்சு. அம்புட்டு அழுத்தமா மிதிச்சிருக்கு. சாகுற வரைக்கும் மிதிச்சிருக்கு." பெலிக்ஸ் குரலைத் தாழ்த்தினார். "பிரேக் இல்லாத பக்கத்துல பிரேக் புடிச்சா இப்படித்தான்னு எழவு வீட்லயே சொன்னான் அந்த ஆளு."

பரிமளாவுக்கு உடம்பு எரிந்தது. இப்படிப்பட்டவனெல்லாம் எங்கேதான் தயாராகிறான் என்று நினைத்தாள். தன் வீட்டிலும் ஒன்று தயாராகி உட்கார்ந்திருப்பது அடுத்த நிமிஷமே ஞாபகம் வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் காலுக்குக் கிடைக்காத பெடலை, அந்தப் பெண்ணுக்கு அருள்மணிதான் பரிமளா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறான்.

அந்த வண்டி அருள்மணியைக் கொன்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. புருஷனைப் பிடிக்காதது வேறு, புருஷன் சாவது வேறு. அன்று சாயங்காலமே காரை விற்றுவிடச் சொல்லி அவனிடம் கெஞ்சினாள். மகன் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்டாள். அவன் மறுநாளே திருமயத்தில் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்கு அதில்தான் போகப்போவதாகவும், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்றும் சொன்னான். அவள் முடியாது என்றாள்.

"வராட்டிப் போ. ஒன்ன நம்பியா வண்டி ஓடுது?"

தனியாகத்தான் கிளம்பினான். ஆனால் தெருவில் போகும்போது கார் இடப்பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து போனதை அவள் பார்த்தாள்.

அன்று அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். மத்தியானத்துக்குள் கார் மறுபடியும் ரெக்கவரி வண்டியில் வந்து இறங்கியது. அருள்மணி ஆட்டோவில் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. நமணசமுத்திரம் தாண்டியதும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தானாம். முன்னால் கல் ஏற்றின லாரி திரும்பியது. பிரேக்கை மிதித்தான், பெடல் தரையோடு போயிற்று. மறுபடி மறுபடி மிதித்தான், ஒன்றும் நடக்கவில்லை. இடப்பக்கத்திலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. லாரி முகத்துக்கு நேரே வந்தபோது கார் தானாக நின்றது. நின்றபோது வீரன் இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் தூக்கி வைத்துக் கண்ணை மூடியிருந்தான்.

"நான் புடிக்கல பரிமளா," என்றான் மெதுவாக. "சத்தியமா நான் புடிக்கல."

"தெரியுங்க. வித்துருவோம்."

தலையை ஆட்டினான். அப்போது அவனைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. காரைக்குடியில் ஆள் பிடித்து அவளே பேசி முடித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார்கள். அதுவரை யாரும் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. அருள்மணி குரலைக்கூட உயர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வேலையிலிருந்து சீக்கிரமாகவே வந்தாள். வெயில் இன்னும் தாழவில்லை. கேட் திறந்திருந்தது. ஷெட்டுக்குள், காரின் இடப்பக்கக் கதவுக்கு வெளியே, அருள்மணியின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. வாங்க வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டாவது சாவி சீட்டுக்கு முன்னால் இருக்கும் பெட்டியில் இருக்கிறது, இதோ எடுத்துவிட்டு வருகிறேன் என்றான். ஓட்டுகிற சீட்டில் உட்காரவில்லை, இந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறான். நினைத்து நினைத்து ஒரு நாளாவது சரியாக நினைத்திருக்கிறானா?

"இறங்குங்க," என்றாள். "மொதல்ல இறங்குங்க."

கால் உள்ளே போயிற்று. அவனாக இழுத்துக்கொண்ட மாதிரி இல்லை.

கதவு சாத்திக்கொண்டது.

இன்ஜின் எடுத்தது.

அவள் ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. கார் நிதானமாகப் பின்னால் நகர்ந்து, கேட்டைத் தாண்டி, தெருவில் வளைந்தது. எந்தத் தூணிலும் உரசவில்லை. அருள்மணிக்குக்கூட அப்படி எடுக்க வராது.

"சிவரஞ்சனி," என்றாள் பரிமளா. கையெடுத்துக் கும்பிட்டாள். "அவர விட்டுரும்மா."

கார் நின்றது.

ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி விரல் அகலத்துக்கு இறங்கியது. மரிக்கொழுந்து வாசனை வந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், அடுத்த வீட்டுக்காரி பேசுவது போலச் சாதாரணமாக வந்தது.

"நீதான் எறங்கிட்டியே."

கண்ணாடி ஏறிக்கொண்டது.

முன்கண்ணாடி வழியாக அருள்மணியை ஒரு தடவை பார்த்தாள். இடப்பக்கச் சீட்டில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, வலது காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை. என்ன சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துச் சீட்டைப் பார்த்து மெதுவாப் போ, மெதுவாப் போ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

கார் திருமயம் பக்கமாகத் திரும்பியது. தெரு முக்கில் டவுன் பஸ் குறுக்கே வந்து ஹாரன் அடித்தது.

பிரேக் லைட் எரியவில்லை.