லீவருக்கு அடியில்

தம்பியின் பெரிய பைக் ரிப்பேர் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்து விட்ட மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். சின்ன வண்டியில் கியர் லீவரைக் கீழே அமுக்கினால் கியர் கூடும், மேலே தூக்கினால் குறையும். இதில் நேர் எதிர் என்றார். புது வண்டியில் நல்ல வேகத்தில் போகும்போது தம்பி பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டான். பின்சக்கரம் இறுகி, ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது. அவ்வளவுதான்.

என் காலுக்கும் அதே பழக்கம்தான். இரண்டு பேரும் ஒரே சின்ன வண்டியில் ஓட்டப் பழகியவர்கள். இந்தச் சனியனை விற்றுத் தொலைத்துவிடலாம் என்று மனைவி கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. அவன் போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. பயம் மட்டும் எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு போனேன். புறவழிச்சாலையில் வேகம் ஏறியதும், இடது கால் தன்பாட்டுக்கு அமுக்கியது.

கியர் இறங்கவில்லை.

குனிந்து பார்த்தேன். லீவருக்கு அடியில் ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினேன். அடியிலிருந்து ஒரு பாதம் என் பாதத்தை மெதுவாக மேலே தள்ளியது. அதன் குளிர் ஷூவைத் தாண்டி உறைத்தது. ஹெல்மெட்டுக்குள் தம்பியின் தலையெண்ணெய் வாசனை.

கிளட்சைப் பிடித்து, பிரேக் போட்டு, ஓரம் கட்டினேன்.

"டேய், நீயா?"



வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "உயிரோட இருந்தப்ப அண்ணன்னு ஒரு நாள் மதிச்சதில்ல. இப்ப காவல் காக்கிறான் பாரு." அவள் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் அதே பைக்கில் வேலைக்குக் கிளம்பினேன். லீவர் சும்மா ஏறி இறங்கியது. அடியில் யாரும் இல்லை. என்னையும் விட்டுப் போய்விட்டான் போல. அதற்கும் அழுகை வரவில்லை.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போது மனைவியின் போன் வந்தது. அவள் சின்ன வண்டியில் வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

"ஏங்க..." குரல் கிசுகிசுத்தது. "கியரை அமுக்கவே விடல. யாரோ மேல தூக்கிட்டாங்க. பின்சக்கரம் இறுகி, வழுக்கி விழுந்துட்டேன்."

அந்த வண்டியில் தூக்கினால்தான் ஆபத்து. செத்தவனுக்கு அது நினைவில்லை. அமுக்கக் கூடாது என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது.

இப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வரச் சொன்னேன்.

"அடி ஒண்ணும் படலங்க. ஆனா நடக்க முடியல."

"ஏன்?"

"இடது காலைத் தரையில வைக்க விட மாட்டேங்குது. அடியில இருந்து தூக்கிக்கிட்டே இருக்கு."